வீட்டுக்குத் தூரம் என்பது என்ன?

(ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடந்த கூட்டங்களில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டவுடனே சிலர் முகம் சுளித்ததாகத் தெரிகின்றது. "பெண்டு பிள்ளைகள் வருகின்ற கூட்டமாயிற்றே, இதையா பேசுவது?" என்று ஒரு தோழர் என்னையே நேரில் கேட்டார். பெண்டு பிள்ளைகள் வருகின்ற கூட்டம் என்பதற்காகவேதான் பேசுகின்றேன் என்று சொன்னேன். ஜனத்தொகையில் பாதிப் பேருக்கு 12, 13 வயதில் ஆரம்பித்து 50 வயது வரையில் மாதந்தோறும் நடக்கின்ற ஒரு காரியத்தைப் பற்றிப் பேச நமக்கு வெட்கமாய் இருக்கின்றது. ஆனால் அதே காரியத்திற்காக அந்தப் பெண்களைத் திண்ணையிலும் கொல்லையிலும் தனித் தட்டு, தனிச் செம்பு கொடுத்து உட்கார வைத்து, தெருவில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் "இவள் இன்றைக்குத் தூரம்" என்று தெரியும்படி செய்வதற்கு மட்டும் நமக்கு வெட்கமே இல்லை. இது என்ன நியாயம்?

நான் வைத்தியனல்ல. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனுமல்ல. புத்தகங்களை வாசித்தும், டாக்டர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதையே சொல்லுகின்றேன். நான் சொல்லுகின்றேன் என்பதற்காக நீங்கள் எதையும் நம்ப வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் நம்முடைய சாஸ்திரங்கள் இதற்குச் சொல்லுகின்ற காரணத்தைப் பாருங்கள். இந்திரன் விசுவரூபன் என்னும் ஒரு பிராமணனைக் கொன்றானாம். அதனால் அவனைப் பிரம்மஹத்தி தோஷம் பிடித்துக்கொண்டதாம். அதைத் தான் சுமக்க மனமில்லாமல் பிறருக்குப் பங்கு போட்டானாம். தைத்திரீய சம்ஹிதை பூமிக்கும், மரத்துக்கும், ஸ்திரீக்குமாக மூன்று பங்கு என்கின்றது. பாகவதம் தண்ணீரையும் சேர்த்து நான்கு பங்காக்குகின்றது. பூமி வாங்கிய பங்கு உவர் நிலமாம். மரம் வாங்கிய பங்கு பிசினாம். தண்ணீர் வாங்கியது நுரையாம். ஸ்திரீ வாங்கியது மாதவிலக்காம்!

தோழர்களே! கொலை செய்தவன் இந்திரன். அவன் இன்னும் தேவலோகத்துக்கு ராஜா. கொலைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் போகட்டும். பங்கு வாங்கினவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரியாகவாவது நடத்துகிறோமா? வேப்பம் பிசினை மருந்துக்கு எடுக்கிறோம். நுரை பொங்குகிற ஆற்றில் இறங்கிப் புண்ணிய ஸ்நானம் செய்கிறோம். உவர் மண்ணைக் கொண்டுவந்து துணி வெளுக்கிறோம். மரத்தையும், தண்ணீரையும், மண்ணையும் மூன்று நாள் ஒதுக்கி வைத்தவன் எவனாவது உண்டா? பெண்ணை மட்டும் ஏன் ஒதுக்கி வைக்கிறான் என்றால், மரம் ஒதுங்கு என்றால் ஒதுங்காது, பெண் ஒதுங்குவாள். இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நிற்க, இனி உண்மையில் சரீரத்திற்குள் நடப்பது என்ன என்பதைப் பார்ப்போம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பெண்ணின் அடிவயிற்றில் கர்ப்பப்பை இருக்கின்றது. பிள்ளையில்லாத காலத்தில் அது ஒரு சிறிய கொய்யாப்பழம் அளவுதான். அதற்கு இரண்டு பக்கத்திலும் பாதாம் கொட்டை அளவில் இரண்டு சினைப்பைகள். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அந்தச் சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் வரை முட்டைகள் இருக்கின்றன. அவள் வயதுக்கு வருகின்ற காலத்தில் அவற்றில் மூன்று நான்கு லட்சமே மிஞ்சுகின்றன. ஆயுள் முழுவதிலும் வெளியே வருவது நானூறு, ஐந்நூறுதான். மற்றவை தாமாகவே அழிந்துபோகின்றன.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கின்றது. அது ரத்தத்தின் வழியாகச் சினைப்பைக்குச் செய்தி அனுப்புகின்றது. அந்தச் செய்திக்கு ஹார்மோன் என்று பெயர். செய்தி கிடைத்தவுடன் சில முட்டைகள் வளர ஆரம்பித்து, சாதாரணமாக ஒன்று மட்டும் முந்துகின்றது. அந்த முட்டையைச் சுற்றியுள்ள பை ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றது. அதன் வேலை, கர்ப்பப்பையின் உட்புறத்தில் ஒரு மெத்தென்ற படலத்தை வளர்ப்பது. விவசாயத் தோழர்களுக்குச் சொல்லுவதானால், நாற்றங்காலை உழுது, தொழியடித்து, எரு போட்டு வைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை முதிர்ந்ததும் பை வெடித்து முட்டை வெளியே வருகின்றது. வெடித்த பை வீணாய்ப் போவதில்லை. அது மஞ்சள் நிறமாக மாறி, புரோஜெஸ்டிரோன் என்னும் இன்னொரு ஹார்மோனைச் சுரந்து, அந்த நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டுகின்றது. ரத்தக் குழாய்கள் சுருள் சுருளாக வளருகின்றன. வரப்போகிற கருவுக்குச் சாப்பாடு தயாராகின்றது.

வெளியே வந்த முட்டை உயிரோடிருப்பது ஏறக்குறைய ஒரு நாள்தான். அதற்குள் ஆணின் விதையணு சேர்ந்தால் கரு. சேராவிட்டால், அந்த மஞ்சள் உருண்டை சுமார் 14 நாளில் வாடிவிடுகின்றது. புரோஜெஸ்டிரோன் குறைகின்றது. சுருண்ட ரத்தக் குழாய்கள் இறுகி, படலம் உதிர்ந்து, கர்ப்பப்பை அதை வெளியே தள்ளுகின்றது. தள்ளுவதற்காகக் கர்ப்பப்பை இறுகி இறுகி விடுவதுதான் வயிற்று வலி. அந்த வலிக்குக் காரணமான பொருளுக்கு புராஸ்டகிளாண்டின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவுதான் மாதவிலக்கு! பிள்ளைக்கென்று போட்ட படுக்கை, பிள்ளை வராததால் களைந்து எடுக்கப்படுகின்றது. அடுத்த மாதத்திற்குப் புதுப் படுக்கை போடப்படுகின்றது. நாம் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் படுத்திருந்தது அந்தப் படுக்கையில்தான். அதைத் தீட்டென்று சொல்லுகிற சாமியார்களும் அர்ச்சகர்களும் கூட அதில் படுத்து வளர்ந்தவர்கள்தானே!

ரத்தம் எவ்வளவு போகிறது என்று தெரியுமா? சராசரி 30 முதல் 40 மில்லிலிட்டர். டீக்கரண்டியால் அளந்தால் ஆறிலிருந்து எட்டுக் கரண்டி. 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றால், 28 நாள் என்பது சராசரிக் கணக்கு. 21 முதல் 35 நாள் வரை எதுவாயிருந்தாலும் சரியானதே. சந்திரனுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. சந்திரனுக்கு இருபத்தொன்பதரை நாள், அது எல்லோருக்கும் ஒரே நாளில்தான் அமாவாசை. பெண்களுக்கு அப்படியா வருகிறது?

இங்கே ராஜபாளையம் தோழர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் வெள்ளை நாய்க்கு உலகமெங்கும் பேர் இருக்கின்றது. பெட்டை நாய் பருவத்துக்கு வரும்போது முதலில் சில நாள் ரத்தம் கசியும், பிறகுதான் அது ஆண் நாயைச் சேர்க்கும் என்பது நாய் வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பாவில் 19ஆவது நூற்றாண்டில் பெரிய பெரிய டாக்டர்கள் இதைப் பார்த்துவிட்டு, பெண்ணும் அப்படித்தான், ரத்தம் படுகின்ற சமயத்தில்தான் முட்டை வெளிவருகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிள்ளை வேண்டாம் என்று வந்தவர்களுக்கு, மாதத்தின் நடுப்பகுதியில் சேர்ந்தால் பயமில்லை என்று யோசனையும் சொன்னார்கள். நேர் தலைகீழ்! நாய்க்கு ரத்தம் வருவது தயாராகிற காலத்தில். பெண்ணுக்கு ரத்தம் வருவது தயாரித்தது வேண்டாமென்று ஆன பிறகு. இந்தத் தப்பைத் திருத்த எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? ஜப்பானில் ஓகினோ என்பவர் 1924இலும், ஆஸ்திரியாவில் க்னாவுஸ் என்பவர் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். முட்டை வெளிவருவது அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாளுக்கு முந்தி. ஆகவே 28 நாள்காரிக்கு 14ஆம் நாள் வாக்கில், 35 நாள்காரிக்கு 21ஆம் நாள் வாக்கில். முன்னிருந்து எண்ணக் கூடாது, பின்னிருந்து எண்ண வேண்டும். ஆனால் அடுத்த விலக்கு என்றைக்கு என்று முன்கூட்டி யாருக்கும் நிச்சயமாய்த் தெரியாதாகையாலும், விதையணு ஐந்து நாள் வரை உள்ளே உயிரோடிருக்கக் கூடுமாகையாலும், நாள் எண்ணிக் கர்ப்பத்தைத் தடுத்துவிடலாம் என்று யாரும் நம்பி மோசம் போக வேண்டாம்.

வெள்ளைக்கார டாக்டர் ஆராய்ச்சி செய்து தப்பினார். ஆராய்ச்சி செய்தே திருத்திக்கொண்டார். நம்முடைய மனுதர்மமோ மூன்றாவது அத்தியாயத்தில் பெண்ணுக்கு 16 இரவுகள் ருதுகாலம், அதில் முதல் நாலு இரவும், பதினொன்றாவதும், பதின்மூன்றாவதும் ஆகாது, இரட்டைப்படை இரவில் சேர்ந்தால் ஆண் பிள்ளை, ஒற்றைப்படையில் சேர்ந்தால் பெண் பிள்ளை என்று எழுதி வைத்ததோடு சரி. அதைச் சோதித்துப் பார்த்தவனும் இல்லை, திருத்தினவனும் இல்லை. ஆணா பெண்ணா என்பது தகப்பனுடைய விதையணுவைப் பொறுத்தது. நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற ஒரு அமெரிக்கப் பெண்மணி 1905இல் ஒரு வண்டை வைத்து ஆராய்ந்து இதற்கு வழி காட்டினார். நமது நாட்டிலோ வரிசையாகப் பெண் பெற்றாள் என்பதற்காக இன்றைக்கும் மருமகளைத்தான் ஏசுகிறார்கள். ஏச வேண்டியது மகனை அல்லவா? யாரையுமே ஏச வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

தோழர்களே! தீட்டு என்கின்ற பைத்தியம் நமக்கு மட்டும் சொந்தமானது என்று எண்ணிவிடாதீர்கள். விலக்கான பெண் கிட்டே வந்தால் திராட்சைச் சாறு புளித்துப் போகும் என்று ரோமாபுரியில் பிளினி என்பவர் 1,900 வருஷங்களுக்கு முன்பே எழுதினார். 1920இல் வியன்னா நகரத்தில் பேலா ஷிக் என்ற கெட்டிக்கார டாக்டர், வேலைக்காரப் பெண் தூரமாயிருந்த நாளில் தொட்ட பூக்கள் வாடிவிட்டன என்று சொல்லி, அவள் வியர்வையில் விஷம் இருக்கிறதென்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார். பல ஆண்டுகள் அதைத் தேடினார்கள். அப்படி ஒரு விஷம் இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது. டாக்டர் பட்டம் வாங்கியவனுக்கும் அவன் பாட்டி சொன்ன கதை மண்டைக்குள் இருக்கத்தான் செய்கின்றது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலே ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "துளசிச் செடி பட்டுப்போகிறதே, அதற்கென்ன சொல்லுகிறீர்?" என்றார். நான் சொன்னேன்: ஐயா, இரண்டு தொட்டியில் ஒரே மாதிரி துளசி வையுங்கள். ஒரே வெயில், ஒரே தண்ணீர். ஒன்றைத் தூரமான பெண் தினம் தொடட்டும். மற்றொன்றை நீங்கள் தொடுங்கள். எது எது என்று தெரியாத ஒருவரை விட்டு மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊறுகாய்க்கும் இதே பரீட்சைதான். உப்புக் குறைந்தாலும் ஈரக் கை பட்டாலும் ஊறுகாய் கெடும். அந்த ஈரக் கை சாஸ்திரிகள் கையாயிருந்தாலும் கெடும்.

அந்த ஊரில் நின்றுகொண்டு இன்னொரு கேள்வியும் கேட்டேன். துளசிச் செடியின் கீழ் கிடைத்த பெண் குழந்தை, கல்யாண வயது வரைக்கும் வளர்ந்து, பெருமாளுக்குரிய மாலையைத் தான் சூடிப் பார்த்துக் கொடுத்தாள் என்று நீங்கள்தான் கதை சொல்லுகிறீர்கள். அவளுக்குத்தான் ஆடிப்பூரத்தில் தேர் இழுக்கிறீர்கள். வளர்ந்த பெண் என்றால் மாதத்தில் மூன்று நாள் உண்டா, இல்லையா? அந்த நாளில் மாலை என்ன ஆயிற்று? பதில் சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. தேர் வடத்தைப் பிடிப்பதற்காக நம் வீட்டுப் பெண்கள் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி விலக்கைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த மாத்திரை என்ன? செயற்கையாகச் செய்த புரோஜெஸ்டிரோன் வகைதான். படலம் உதிராமல் அது தாங்கிப் பிடிக்கின்றது. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உதிர்கின்றது. இந்திரனுடைய பிரம்மஹத்தி தோஷம் மருந்துக்கடை மாத்திரைக்குக் கட்டுப்படுமா என்று யோசித்துப் பாருங்கள்! ஆனால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தின்னாதீர்கள். ரத்தம் உறைகிற வியாதி, ஈரல் வியாதி உள்ளவர்களுக்கு அது ஆகாது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் பார்க்கிறார்கள் என்று டவுனில் இருப்பவர்கள் சொல்லக்கூடும். இங்கிருந்து மதுரைக்குப் போகின்ற சாலையில்தான் டி. கல்லுப்பட்டி இருக்கின்றது. அந்த வட்டாரத்துக் கூவலப்புரத்திலும் சுற்றியுள்ள சில ஊர்களிலும் விலக்கான பெண்கள் வீட்டில் இருக்கக் கூடாதென்று "முட்டுத்துறை" என்று ஊருக்கு ஒதுக்கமாகக் கட்டி வைத்திருப்பதைப் பத்திரிகைக்காரர்கள் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிரசவமான பெண்ணும் அங்கேதான். பெரிய மனுஷியான சிறுமியும் அங்கேதான். மீறினால் சாமி குற்றமாகிவிடும் என்ற பயம். 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டைக்கு அடுத்த அணைக்காட்டில், வயதுக்கு வந்தாள் என்று குடிசையில் தனியே படுக்க வைக்கப்பட்ட ஒரு சிறுமி தென்னை மரம் விழுந்து செத்துப்போனாள். மாமன் குச்சு கட்டுகிறான், சீர் வைக்கிறான், ஒலிபெருக்கி வைத்து ஊரைக் கூட்டுகிறான் என்று பெருமை பேசுகிறோமே, அந்தக் குச்சு புயலுக்குத் தாங்குமா என்று ஒருவனாவது யோசித்தானா? 2025 ஏப்ரலில் கோயமுத்தூர் ஜில்லா செங்குட்டைப்பாளையத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணை, விலக்காயிருக்கிறாள் என்று பள்ளிக்கூட வாசற்படியில் உட்கார வைத்துப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். செய்தி வெளியே வந்த பிறகு தலைமை ஆசிரியை சஸ்பெண்டு செய்யப்பட்டார். பாடம் சொல்லிக்கொடுக்கின்ற இடத்திலேயே இந்த லட்சணம்! நேபாளத்தில் இப்படிக் குடிசையில் ஒதுக்கி வைப்பவனுக்குச் சிறைத் தண்டனை என்று 2017இல் சட்டமே செய்தார்கள்.

சிலர் சாமர்த்தியமாக, "பெண்களுக்கு ஓய்வு கொடுப்பதற்காகப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு" என்கின்றார்கள். ஓய்வு என்றால் கட்டிலில் படுக்க வைத்து, சூடாய்ச் சோறு போட்டு, வலிக்கு மருந்து கொடுப்பதல்லவா ஓய்வு? வெறும் தரையில் கிழிந்த பாயைப் போட்டுத் தூரத்திலிருந்து சோற்றைத் தள்ளுவதற்கா ஓய்வு என்று பெயர்? அன்றியும், வீட்டுக்குள் வரக்கூடாத பெண் அதே நாளில் வயலில் களை எடுக்கலாம், கூலி வாங்கி வரலாம். அந்தக் காசுக்கு மட்டும் தீட்டில்லை!

இனி, உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயத்துக்கு வருவோம். மாதம் 40 மில்லிலிட்டர் ரத்தம் போனால் அதோடு சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்புச் சத்தும் போகின்றது. அதைச் சாப்பாட்டில் ஈடு செய்ய வேண்டும். நம் வீடுகளில் கடைசியில் சாப்பிடுகிறவள் பெண். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! தீட்டுக் கழிக்கத் தண்ணீர் தெளிக்கிறவர்கள் ஒரு கைப்பிடி கீரையும், கேழ்வரகும், கூட ஒரு நெல்லிக்காயும், முடிந்தால் ஒரு துண்டு ஈரலும் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு வருமா?

ராஜபாளையம் பஞ்சாலைகள் நிறைந்த ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி தறி தறியாக நெய்து வெளிநாட்டுக்கெல்லாம் போகின்றது. அந்தத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பெண்களில் எத்தனை பேர் கிழிந்த பழந்துணியை உபயோகித்து, யார் கண்ணிலும் படக்கூடாதென்று ஈரத்தோடு ஓலைச் சந்தில் ஒளித்து வைத்தார்கள்? துணி தப்பல்ல; ஈரம்தான் தப்பு. சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் கொடியிலே காயப் போட்ட துணி எந்தக் கடைச் சரக்குக்கும் குறைந்ததல்ல. கோயமுத்தூர் முருகானந்தம் என்பவர் மலிவாக நாப்கின் செய்கின்ற சிறு இயந்திரத்தை உண்டாக்கி 2016இல் பத்மஸ்ரீ பட்டம் வாங்கினார். 2011இல் தமிழ்நாட்டு சர்க்கார் பெண்பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் திட்டம் அறிவித்தது. மத்திய சர்க்காரோ 2017 ஜூலையில் நாப்கினுக்கு 12 சதவிகித வரி போட்டு, கூச்சல் கிளம்பியதும் 2018 ஜூலையில் எடுத்தது. குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை என்று சொன்னவர்கள் இதற்கு மட்டும் போட்டார்கள் என்றால், பெண்ணை என்னவாகப் பார்க்கிறார்கள் என்பது விளங்கும்.

ஆலையில் வேலை செய்கின்ற தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 2019இல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் சுமார் 100 பெண்களை விசாரித்து ஒரு செய்தி வெளிவந்தது. வயிற்று வலி என்றால் லீவு கிடையாது. பெயர் எழுதாத ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து மறுபடி மிஷினுக்கு அனுப்பினார்களாம். பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்கி விழுங்காதீர்கள். பெயரைக் கேளுங்கள்.

ராஜபாளையம் கூட்டத்தில் ஒரு தாயார் சீட்டு எழுதி அனுப்பினார். தன் மகளுக்கு 16 வயதாகியும் இன்னும் ஆளாகவில்லை, எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாம் என்று பந்துக்கள் ஆளுக்கொன்று சொல்லுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அம்மா, 15 வயது முடிந்தும் வராவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 13 வயதில் மார்பு வளர்ச்சியே ஆரம்பிக்காவிட்டாலும் காட்ட வேண்டும். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமிருக்காது. சில சமயம் சரீரம் மிகவும் மெலிந்திருக்கும்; சில சமயம் தைராய்டு கோளாறாயிருக்கும்; சில சமயம் வழி அடைத்திருக்கும், அதை ஒரு சிறு ஆபரேஷனில் திறந்துவிடலாம். மாதாமாதம் வயிற்று வலி மட்டும் வந்து ரத்தம் வராவிட்டால் நாள் கடத்தவே கூடாது. அதே போல, வந்துகொண்டிருக்கிறவர்களில் ஏழு நாளுக்கு மேல் போனாலும், மணிக்கொரு துணி நனைந்தாலும், நின்று ஒரு வருஷமானபின் மறுபடி ரத்தம் கண்டாலும் உடனே காட்டுங்கள். கடைசியாகச் சொன்னது புற்றுநோயாகக் கூட இருக்கலாம். உங்கள் ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கின்றது. மகளை நாளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். கூட வருவதற்கு ஆள் வேண்டுமானால் கூட்டம் முடிந்ததும் இங்குள்ள தோழியர்களிடம் சொல்லுங்கள்.